பதினான்காம் பலகையை முதலில் கழற்றவும்

போன மாதம், நான் முன்பு வேலை செய்த பட்டறையிலிருந்து நிர்மலா போனில் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். சாணார்பட்டிப் பக்கம் ஒரு ஊரில் எங்கள் பட்டறை செய்து வைத்த வரலாற்றுச் சுவர், சாலையை அகலப்படுத்தும் வேலையில் இடிபடப் போகிறது. சுவர் போகட்டும், அதில் மாட்டியிருக்கும் இருபது சிமெண்டுப் பலகைகளையும் உடையாமல் எடுத்துப் புதுச் சுவரில் மாட்டவேண்டும். எப்படிக் கழற்றுவது?

நான் அந்தப் பட்டறையை விட்டு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இருந்தாலும் பதில் வரிசையாகவே வாயில் வந்தது.

ஒன்று: சுவருக்குப் பின்பக்கம் ஒவ்வொரு பலகைக்கும் நான்கு நட் இருக்கும். கீழே உள்ள இரண்டை முதலில் எடு, மேலே உள்ள இரண்டைக் கடைசியில் எடு.

இரண்டு: துருப்பிடித்திருக்கும். முந்தைய நாளே மண்ணெண்ணெய் விட்டு வை.

மூன்று: நான்கு பேர் இல்லாமல் எந்தப் பலகையிலும் கை வைக்காதே.

நான்கு: ஒன்று முதல் பன்னிரண்டு வரை வரிசையாகக் கழற்று. அடுத்தது பதிமூன்று இல்லை. பதினான்கை முதலில் கழற்று, பிறகுதான் பதிமூன்று.

நிர்மலா எழுதிக்கொண்டே வந்தவள் அங்கே நிறுத்தினாள். "அது ஏன்க்கா?"

போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்றேன். அப்படியானால் எழுதித் தாருங்கள், பட்டறையில் எல்லாரும் படிப்போம் என்றாள். இப்போது அங்கே படத்தைக் கணினியில் வரைந்து, பலகை அளவுக்கே அச்சடித்து, அதன் மேல் களிமண்ணை வைத்து வேலை செய்கிறார்களாம். கட்டம் போட்டுப் படம் பெருக்குவது எப்படி என்றே புதிதாக வந்தவர்களுக்குத் தெரியாதாம். ஆனால் பலகையின் ஓரத்தில் ஒரு அங்குலம் விடுகிற விதி மட்டும் இன்னும் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதாம். அதைக் கேட்டதும், இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது.

முப்பத்தாறு வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் சிரிக்கிறார்கள். பதினான்கு வருடம் சிமெண்டில் கை வைத்ததில் தோல் அதை ஏற்றுக்கொள்ள மறுத்துவிட்டது. விரல் இடுக்குகள் வெடித்து, பேனா பிடிக்க முடியாத நாள்கள் வந்தன. கையுறை போட்டும் பார்த்தாயிற்று. வைத்தியர் வேலையை மாற்றச் சொன்னார். இப்போது ஒரு பள்ளியில் படம் வரையச் சொல்லித் தருகிறேன். இது வேறு வேலை. என்னுடைய வேலை எது என்று யாராவது கேட்டால், இன்றும் அந்தப் பதினான்கு வருடத்தைத்தான் சொல்வேன்.

பாலிடெக்னிக்கில் கட்டடப் பிரிவில் டிப்ளமோ. பிறகு மூன்று வருடம் ஒரு கட்டட அலுவலகத்தில் வீட்டு வரைபடம் போட்டேன். சமையலறை, பூஜை அறை, மாடிப்படி, மறுபடி சமையலறை. அலுத்துப்போன ஒரு மாதத்தில், திண்டுக்கல்லில் சுவர்ச் சிற்பம் செய்கிற பட்டறைக்கு அளவு போடத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். பேகம்பூர்ப் பக்கம் பழைய தோல் கிடங்கு ஒன்றில் பட்டறை இருந்தது. மழை பெய்தால் தரையிலிருந்து தோல் வாடை எழும். மூன்றாவது மாதத்தில் அந்த வாடை எனக்குத் தெரியாமல் போயிற்று. என் அம்மாவுக்கு மட்டும் கடைசிவரை தெரிந்தது.

பட்டறையை நடத்தியவர் அருளானந்தம் சார். ஓவியம் படித்தவர், பேச்சு குறைவு. வெள்ளைச் சட்டை போட்டு வருவார், சாயங்காலம் அதே வெள்ளையோடு போவார். சிமெண்டுக்கு நடுவில் நாள் முழுக்க நடந்தவர் மீது ஒரு துளி எப்படித் தெறிக்காமல் இருந்தது என்பது எங்களுக்குத் தீராத சந்தேகம். அவர் திட்டியதைப் பார்த்தவர்கள் இல்லை. சட்டைப் பையில் ஒரு ரூபாய் நாணயமும் ஒரு துண்டுச் சாக்பீசும் இருக்கும். முடித்த பலகையை நாணயத்தால் ஒவ்வொரு விரற்கடையாகத் தட்டுவார். கெட்டியாக இருந்தால் கணீரென்று சத்தம் வரும். உள்ளே காற்று மாட்டியிருந்தால் பொத்தென்று கேட்கும். பொத்தென்ற இடத்தில் ஒரு வட்டம். கோடு பிசகிய இடத்தில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் எண். பேசாமல் அடுத்த பலகைக்குப் போய்விடுவார்.

அந்த வட்டத்தை யாரும் சும்மா அழிக்கக் கூடாது. தவறைச் சரிசெய்தவர்தான், சரிசெய்த பிறகு, தன் கையால் அழிக்கவேண்டும். சாயங்காலம் அவர் மறுபடி வரும்போது வட்டம் இல்லையென்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். என் முதல் பலகையில் பதினோரு வட்டங்கள். ஒன்பதை அழிக்க இரண்டு நாள் ஆயிற்று. மீதி இரண்டையும் அழிக்க வழியில்லாமல் பலகையையே உடைத்தோம்.

வேலை முறை இதுதான். முதலில் சிறிய காகிதத்தில் முழுச் சுவரின் படம். அதன் மேல் பென்சிலில் கட்டம். சிறிய கட்டத்தில் இருப்பதைப் பெரிய கட்டத்துக்கு அளவெடுத்து ஏற்றுவது என் பொறுப்பு. பிறகு பலகை பலகையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் களிமண்ணில் புடைப்பாகச் செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, அச்சுக்குள் சோப்பும் எண்ணெயும் தடவி, சிமெண்டுக் கலவையை அப்பி, நடுவில் கோழி வலையைப் பதித்து, மேலும் அப்பி, ஈரச் சாக்குப் போட்டு மூன்று வாரம் காயவிடாமல் காக்கவேண்டும். இதில் சார் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு. பலகையின் நான்கு ஓரத்திலும் ஒரு அங்குலத்துக்கு எந்தப் புடைப்பும் வரக்கூடாது. ஓரத்தில் புடைப்பு இருந்தால் தூக்கும்போது உதிரும். ஆகவே படத்தில் ஒரு பொருள் இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் விழுந்தால், பெரியதாக இருந்தால் நகர்த்தவேண்டும். சிறியதாக இருந்தால் எடுத்துவிடலாம். அப்படி நகர்த்தியதையும் எடுத்ததையும் நான் ஒரு நோட்டில் மூன்று பத்தியாக எழுதிவருவேன்: எண், பொருள், மாற்றம். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது.

எங்கள் வேலையைப் பார்க்க வருகிறவர்களை நான் சாதாரணமாக நினைத்திருந்தேன். இரண்டாம் வருடம் ஒரு குடிநீர்த் தொட்டியின் சுவரில் பூட்டுச் செய்கிற காட்சியைப் புடைப்பாகச் செய்தோம். அவ்வழியே சைக்கிளில் போன பூட்டுத் தொழிலாளி ஒருவர் இறங்கி, செத்த நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இந்தச் சாவி இந்தப் பூட்டத் தொறக்காது" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். மறுநாள் சார் ஒரு பூட்டை வாங்கி வந்து பிரித்துப்போட்டு, சாவியின் பல்லை எண்ணினார். பலகையை மறுபடி வார்த்தோம். நாம் அலங்காரம் என்று நினைப்பதை ஊர்க்காரர்கள் வாசிக்கிறார்கள் என்று அன்றைக்கு எழுதிவைத்தேன். எழுதினேனே தவிர, நான்கு வருடம் கழித்து அதை மறந்தேன்.

வரலாற்றுச் சுவர் வேலையைக் கொண்டுவந்தவர் அந்த ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் பாப்பாத்தியம்மாள். பெண்களுக்கு இடம் ஒதுக்கிய முதல் தேர்தலில் ஜெயித்தவர். அவருடைய அண்ணன் மகன் கனடாவில் வெல்டிங் வேலை பார்த்தார். அங்கே மரம் அறுக்கிற ஒரு சின்ன ஊரில், கடைச் சுவர், வீட்டுச் சுவர் எல்லாவற்றிலும் அந்த ஊர்க் கதையைப் படமாக வரைந்து வைத்திருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். வாள் பிடித்த ஆள்கள், மரம் இழுக்கிற குதிரைகள், சமையல்காரர், முதல் பள்ளிக்கூடம். பாப்பாத்தியம்மாள் அந்தப் போட்டோக்களை மஞ்சள் பையில் போட்டுப் பட்டறைக்கு வந்தார்.

"மரம் அறுக்கறவுகளுக்கு அம்புட்டுப் பெரும இருக்குன்னா, வெங்காயம் வெதைக்கறவுகளுக்கு இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். சார் போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சரி என்று ஒரு சொல் சொன்னார். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

சுவரில் என்னென்ன வரவேண்டும் என்று ஊரைக் கூட்டிக் கேட்டோம். பட்டியல் நாற்பத்தேழு வரை போனது. சின்ன வெங்காயம், கிணறு வெட்டியது, மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த கமலை, முதல் மோட்டார், மாதா கோயில் தேர், மாரியம்மன் முளைப்பாரி, பூச்சந்தைக்குப் போகிற முதல் பஸ். ஒருவர் தன் தாத்தாவின் சேவலைப் போடச் சொன்னார். போட முடியாது என்றபோது, சேவல் ஜெயித்த ஊர்களின் பெயரை மட்டுமாவது போடுங்கள் என்று இறங்கி வந்தார். கடைசியில் இருபதாகக் குறைத்தோம். பதிமூன்று முதல் பதினைந்து வரையுள்ள மூன்று பலகைகள் ஊர்க் குளத்துக்கு.

குளத்துக்காக நானும் சாரும் கரை முழுக்க நாடா பிடித்து நடந்தோம். பெரிய மடை, நடு மடை, கீழ மடை என்று தண்ணீர் திறக்கிற இடம் மூன்று. பெரிய மடைக்கும் நடு மடைக்கும் இடையே கருவேலம் புதருக்குள் நாலாவதாக ஒரு சின்னக் கல்மடையும் இருந்தது. ஓடைக்களம் என்ற சின்ன ஊரின் வயல்களுக்கு அதில்தான் தண்ணீர் போகிறது. சார் அதைத் தன் படத்தில் சிறிய குறியாகப் போட்டார்.

பலகைகள் வந்து சேர்ந்தன, மாட்டினோம். திறப்பு விழாவுக்கு மாவட்ட அதிகாரி ஒருவர் வருவதாக ஏற்பாடு. அதற்கு ஆறு நாள் முன்பே ஊர் சுவரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. கமலைப் பலகையின் முன் கூட்டம். நான் எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் பூவைப் போட்டுவிட்டு வெறும் கூடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், குளத்துப் பலகைகளின் முன் வந்து நின்றார். ராசாத்தி என்று பிறகு தெரிந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. கரையை விரலால் தொட்டுக்கொண்டே நடந்தார்.

"பெரிய மட. நடு மட. கீழ மட." விரல் திரும்பி வந்தது. "எங்க மடையக் காணோமே தாயி?"

நான் அப்போது சொன்னதை நினைத்தால் இன்றும் முகம் சூடாகிறது. அளந்த படத்தில் இருப்பதைத்தான் செய்திருக்கிறோம் என்றேன். குரலில் டிப்ளமோ இருந்தது. அவர் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது நோட்டைத் திறந்தேன். பதிமூன்றுக்கும் பதினான்குக்கும் நேர் எதிரே என் கையெழுத்தில் இருந்தது: 'இணைப்பில் சிறு குறி. நீக்கம்.' நாலாவது மடை மிகச் சரியாக இரண்டு பலகைகள் சேரும் கோட்டில் விழுந்திருக்கிறது. ஒரு அங்குல விதிப்படி அது இருக்கக் கூடாது. சிறியது, ஆகவே எடுத்துவிட்டேன். அது மடை என்று யோசிக்கவே இல்லை. ஒரு பொருள், ஓரத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் நோட்டைச் சாரிடம் காட்டினேன். அவர் படித்தார், மூடினார்.

"மூணு வாரம் இல்லாம புதுப் பலகை வராது. அஞ்சு நாள்தான் இருக்கு. நீ ஒண்ணும் சொல்லவேண்டாம் செல்வி. வெழா முடியட்டும், பாத்துக்கலாம்."

அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்றேன்.

"நமக்குச் சுவரோட வேலை. தண்ணியோட வேலை இல்ல."

அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சாவியின் பல்லை எண்ணியவர் அவர்.

பதினொரு மணிக்குப் பாப்பாத்தியம்மாள் ஆள் அனுப்பினார். நானும் சாரும் போனபோது சுவருக்கு முன்னால் ஓடைக்களத்துப் பெண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே, சுவர் நிற்கிற பெரிய ஊரின் ஆண்கள். விஷயம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. மழை குறைந்த வருடங்களில் அந்தச் சின்ன மடையை அடைத்துவிட வேண்டும் என்று பெரிய ஊரில் சிலர் கேட்டு வருகிறார்கள். அது இடையில் யாரோ உடைத்து வைத்த மடை, ஆதியில் மூன்றுதான் என்பது அவர்களுடைய வாதம். இப்போது பஞ்சாயத்து அலுவலகத்துச் சுவரே மூன்று என்கிறது. அதிகாரி வந்து திறந்துவைத்து, மாலை போட்டு, போட்டோவும் எடுத்துவிட்டால், அடுத்த வறட்சியில் ஓடைக்களத்துக்காரர்கள் எதைக் காட்டிப் பேசுவார்கள்?

மோட்டார் வைத்து விவசாயம் பார்க்கிற வேலுச்சாமி என்பவர்தான் பெரிய ஊர்ப் பக்கம் பேசினார். கோபமாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டே பேசினார். அதுதான் மோசம்.

"நாங்க சொன்னாத்தான் பொய்யின்னு சொல்வீக. இது படிச்ச புள்ள, டேப்பு வச்சு அளந்து போட்ட படம். மூணுதான் இருக்கு. நாங்களா போட்டோம்?" என்று சுவரைக் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "என்னங்கம்மா, எஞ்சினியரம்மா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சார் என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிலைக்கும், விழாவும் நடக்கும். என் வாழ்க்கையில் பட்டியல் போடாமல் செய்த முடிவு அது ஒன்றுதான்.

"நாங்கள் அளந்தபோது நான்கு மடை இருந்தது" என்றேன். "சார் வரைந்த படத்திலும் நான்கு இருக்கிறது. பலகைக்கு மாற்றும்போது நாலாவதை அழித்தது நான். இதோ, எழுதி வைத்திருக்கிறேன்." நோட்டைப் பாப்பாத்தியம்மாளிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டு, அந்த வரியை உரக்கப் படித்தார்.

ராசாத்திதான் முதலில் பேசினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். ஆச்சரியப்படுகிற குரலில்தான் சொன்னார்.

"எம்புட்டு வருசமா எம்புட்டுப் பேரு மண்ணப் போட்டு அடைக்கப் பாத்தாக, முடியல. நீ ஒத்த ரப்பர வச்சு அடச்சுப்புட்டியே தாயி."

பெண்கள் சிரித்தார்கள். பெரிய ஊர்ப் பக்கமும் ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். வேலுச்சாமி மட்டும், அழித்தது அழித்ததாகவே இருக்கட்டும், சிமெண்டில் செய்ததை எப்படி மாற்றுவார்கள் என்றார்.

அப்போது சார் எழுந்தார். பையிலிருந்து சாக்பீசை எடுத்தார். பதிமூன்றும் பதினான்கும் சேரும் இடத்தில், இரண்டு பலகைகளிலும் பாதிப் பாதி விழும்படி ஒரு வட்டம் போட்டார். உள்ளே ஒன்று என்று எழுதினார். போகாமல் கொஞ்சம் நின்று, எண்ணுக்குக் கீழே தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டார். அதுவரை அவர் எந்த வட்டத்திலும் பெயர் போட்டதில்லை.

"ஓரத்துல ஒரு இஞ்சு விடணும்னு விதி போட்டது நான்" என்று பொதுவாகச் சொன்னார். "அந்தப் பொண்ணு விதிப்படி செஞ்சுருக்கு."

பாப்பாத்தியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம் பேரு போட்ட சொவருல பொய் இருக்கக் கூடாது. அஞ்சு நாளோ பத்து நாளோ, மாத்திட்டுத்தான் தெறப்பு" என்றார். அவருக்கு ஓட்டுப் போட்டவர்களில் பாதிப்பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அதை அவரும் எண்ணியிருப்பார்.

அன்று மத்தியானம் சுவர் நிழலில் உட்கார்ந்து, செய்யக்கூடியவற்றை எழுதினேன். வண்ணத்தில் வரைவது: ஒரு மழைக்குத் தாங்காது. இரண்டு பலகைகளையும் புதிதாக வார்ப்பது: நாள் போதாது. தனியாக ஒரு சிறிய மடை செய்து இணைப்பின் மேல் பதிப்பது: வெயிலில் இரண்டு பலகைகளும் தனித்தனியாக விரியும், நடுவில் பதித்தது வெடித்துவிடும். மூன்றுக்கும் குறுக்குக் கோடு போட்டேன். மூன்றாவதை மட்டும் மறுபடி பார்த்தேன். இரண்டிலும் பதித்தால்தான் வெடிக்கும். ஒன்றில் மட்டும் பதித்து, மற்றதன் மேல் சும்மா படிந்திருக்கும்படி விட்டால்?

சாரிடம் சொன்னேன். "தட்டுனா பொத்துன்னு கேக்குமே" என்றார். கேட்கும் என்றேன். "சிமெண்ட்ல வேண்டாம். காயாது. கல்லுல செய்யணும்" என்றார். அது சம்மதம்.

கல்லை ராசாத்தி கொண்டுவந்தார். சின்ன மடையின் பழைய மூடுகல் எப்போதோ உடைந்து கரையோரம் கிடந்திருக்கிறது. அதில் ஒரு துண்டைப் பூக்கூடையில் வைத்துத் தலையில் சுமந்து வந்து, என் முன்னால் இறக்கினார். "இத அழிக்கிற ரப்பரு இன்னும் வரல" என்றார். என்னை மன்னித்துவிட்டார் என்று அதை எடுத்துக்கொண்டேன்.

அம்மி கொத்துகிறவர் ஒருவர் அதை உள்ளங்கை அளவுக்குக் கொத்தி, மடை வாயைக் குடைந்து கொடுத்தார். பதினான்காம் பலகையில் பள்ளம் வெட்டியது நான். உளியைச் சாய்த்துப் பிடிக்கவேண்டும், அடி சிறியதாக இருக்கவேண்டும், கோழி வலைக் கம்பி தெரிந்தால் நிறுத்திவிடவேண்டும். ஒரு அங்குல ஆழத்துக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. இரண்டு செம்புக் கம்பி வைத்து, கல்லின் வலது பாதியைப் பள்ளத்தில் பதித்தேன். இடது பாதி பதிமூன்றின் மேல் படியும். கல்லும் பலகையும் உரசாமல் இருக்கவும், மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கவும் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் கொடுத்தோம். அந்த நாலு நாளும் வெறுங்கையால் கலவையைத் தடவினேன். கையுறை போட்டால் கல் உட்கார்ந்ததா என்று விரலுக்குத் தெரியாது. என் தோலின் கணக்கு அங்கேதான் தொடங்கியது என்று வைத்தியர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். வருந்தவும் மாட்டேன்.

திறப்பு நாள் காலையில் சார் வழக்கம்போல் நாணயத்தோடு வந்தார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை கணீர். பதிமூன்றின் வலது ஓரத்தில், கல் படிந்த இடத்தில், பொத்தென்று கேட்டது. கை தானாகப் பைக்குள் போய்ச் சாக்பீசோடு வெளியே வந்தது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவர் சாக்பீசைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், சாக்பீசைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"இது இப்பிடித்தான் சத்தம் போடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பலகைக்குப் போனார். எனக்கு அவர் கொடுத்த பாராட்டு அது ஒன்றுதான். வேறு தேவைப்படவில்லை.

நாலு வருடம் கழித்து மழை பொய்த்தது. குளம் கால்வாசிதான் நிறைந்தது. மடைத் தவணை பேச ஊர் கூடியபோது, வழக்கமான மரத்தடியை விட்டு ஓடைக்களத்துக்காரர்கள் சுவருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்களாம். பாப்பாத்தியம்மாள் பிறகு என்னிடம் சொன்னது. சுவர்தான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் எப்போதும்போல் சண்டை போட்டுத்தான் வாங்கினார்கள். எத்தனை நாள், யார் முதலில் என்பதில் பெரிய தகராறு. ஆனால் மடை மூன்று என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. வேலுச்சாமியும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எழுதி முடிப்பதற்குள் கழற்றுகிற நாள் வந்துவிட்டது. நானும் போனேன். சார் இப்போது மகளோடு திருச்சியில் இருக்கிறார், வர முடியவில்லை. நிர்மலா முந்தைய நாளே மண்ணெண்ணெய் விட்டு வைத்திருந்தாள். பன்னிரண்டு பலகைகளும் வைக்கோல் பரப்பிய வண்டியில் ஏறின. பதினான்கின் நட்டைக் கழற்றும்போது ஓடைக்களத்திலிருந்து ஆள்கள் வந்துவிட்டார்கள். ராசாத்திக்கு முன்நெற்றி நரைத்திருந்தது. கல்லின் மேல் மஞ்சள் பூசிப் பூசி அது கறுத்துப்போயிருந்தது.

"வண்டியில ஏத்த வேணாம் தாயி. குண்டுங்குழியுமாக் கெடக்கு ரோடு. நாங்க தூக்கிட்டு வாரோம்" என்றார்.

கால் மைல் தூரம், ஐம்பது கிலோவுக்கு மேல் எடை என்றேன். எட்டுப் பேர் வந்திருக்கிறோம், மாற்றி மாற்றித் தூக்குவோம் என்றார். பலகையை முன்னால் இழுத்து, இறக்கி, தோளில் ஏற்றிக்கொண்டார்கள். கல் அசையவில்லை. அவர்கள் போனபிறகு பதிமூன்று தனியாகத் தொங்கியது. அதன் வலது ஓரத்தில் சைக்கிள் டியூப் ஒட்டிக்கொண்டிருந்தது. நிர்மலா அதை உரித்தாள்.

உள்ளே சாக்பீஸ் கோடு. பாதி வட்டம். மறுபாதி இருந்த இடத்தைப் பதினான்கில் நான்தான் வெட்டி எடுத்திருந்தேன். இந்தப் பாதி டியூபுக்கு அடியில் பத்து வருடம் மழை படாமல் இருந்திருக்கிறது. ஒன்று என்ற எண்ணின் ஓரமும், அதன் கீழே சாரின் எழுத்தில் ஒரு வளைவும் மங்கலாகத் தெரிந்தன. கல்லைப் பதிக்கிற அவசரத்தில் நான் வட்டத்தை அழிக்க மறந்திருக்கிறேன். பதினான்கு வருடத்தில், சுவரில் ஏறிய பலகைகளில் நான் அழிக்காமல் விட்ட வட்டம் இது ஒன்றுதான்.

நிர்மலாவுக்கு வட்டத்தின் விதி தெரியும். ஈரச் சாக்கை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. "புதுச் சுவத்துல பதிமூணு ஏறி, பதினாலு ஏறி, கல்லு அதுமேல உக்காரட்டும்" என்றேன். "அதுக்கு முன்னாடி அழிக்கக் கூடாது. வேலை இன்னும் முடியல."